காலையில் மட்டும் கார் திணறி ஸ்டார்ட் ஆகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பகலில் எத்தனை முறை நிறுத்திக் கிளப்பினாலும் ஒழுங்காக ஓடும் கார், விடியற்காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் திணறும். மெக்கானிக்கிடம் போய்ச் சேர்வதற்குள் இன்ஜின் சூடாகிக் கோளாறு ஒளிந்துகொள்ளும். சோதிக்க ஒரு நாளைக்கு ஒரே வாய்ப்புதான் கிடைக்கிறது என்பதால், அந்த முதல் அரை நிமிடத்தைக் கவனிக்காமலே ஸ்பார்க் பிளக், அதற்கு உயர் வோல்ட் தரும் காயில், பேட்டரி என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பணத்தைக் கரைப்பவர்கள் அதிகம். கீழே உள்ளவை பெரும்பாலும் பெட்ரோல் கார்களுக்கானவை. டீசல், எரிவாயு, கார்புரேட்டர் வண்டிகள் பின்பகுதியில் வருகின்றன.

சூடான பிறகு சரியாக ஓடும் கார், குளிர்ந்த நிலையில் மட்டும் ஏன் அடம் பிடிக்கிறது?

குளிர்ந்த உலோகச் சுவரில் பட்ட பெட்ரோல் ஆவியாகாமல் ஈரமாக ஒட்டிக்கொள்ளும். எரிவதற்கு வேண்டியது ஆவிதான். அதனால் ஈசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) முதல் சில விநாடிகளுக்கு வழக்கத்தைவிட அதிகப் பெட்ரோலை விடுகிறது. எவ்வளவு அதிகம் என்பதைக் கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார் சொல்லும் எண்ணை நம்பியே முடிவு செய்கிறது. கலவை சரியா என்று திருப்பிச் சொல்ல வேண்டிய ஆக்சிஜன் சென்சார் அந்த நேரத்தில் இன்னும் சூடாகியிருக்காது. ஆக, முதல் நிமிடத்தில் ஈசியு குத்துமதிப்பாகத்தான் இன்ஜினை ஓட்டுகிறது. சூடான பிறகு சென்சார்கள் திருத்திக் கொடுத்து மறைத்துவிடும் சின்னச் சின்னக் குறைகள் எல்லாம் இந்த நேரத்தில் வெளியே தெரியும். போதாக்குறைக்கு ஆயில் கெட்டியாக இருக்கும், பேட்டரியின் வலுவும் குளிரில் குறையும்.

எதுவரை இயல்பு?

ஸ்டார்ட் ஆனதும் இன்ஜின் வேகம் 1100 முதல் 1500 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) வரை ஏறி, சில நிமிடங்களில் 700 – 850க்கு இறங்குவது இயல்பு. முதல் அரை நிமிடம், ஒரு நிமிடம் சத்தம் கொஞ்சம் கரகரப்பாக இருப்பதும் அப்படியே. புகையைச் சுத்தம் செய்யும் கேடலிடிக் கன்வர்ட்டரைச் சீக்கிரம் சூடாக்க ஈசியு பற்றவைக்கும் நேரத்தை வேண்டுமென்றே தள்ளிப்போடும். சைலன்சர் நுனியில் நீர்த்துளி சொட்டுவது, உடனே கரைந்துபோகும் மெல்லிய வெள்ளை ஆவி, டீசலில் சற்றுக் கூடுதலான தட்டும் சத்தம் ஆகியவையும் கோளாறு அல்ல. ஆர்பிஎம் முள் மேலும் கீழும் ஆடுவது, வண்டி முழுவதும் குலுங்குவது, இன்ஜின் அணைந்துபோவது, நிற்காத புகை, இவைதான் கவனிக்க வேண்டியவை.

சோதனைக்கு எப்படித் தயாராவது?

முந்தைய இரவே தொடங்குங்கள். கார் குறைந்தது 6 முதல் 8 மணி நேரம் ஓடாமல் நிற்க வேண்டும். இரவு இன்ஜின் ஆறிய பிறகு கூலன்ட் டேங்கில் இருக்கும் அளவை மார்க்கரால் கோடு போட்டு வையுங்கள், நாளடைவில் குறைகிறதா என்று பார்க்கலாம். ஆயில் அளவையும் பாருங்கள். ஒரு மல்டிமீட்டர், ஓபிடி ஸ்கேனர் (ஈசியுவில் உள்ள அளவுகளையும் கோளாறுக் குறியீடுகளையும் படிக்கும் கருவி), வீடியோ எடுக்க ஒரு போன் போதும். ஸ்கேனர் விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. நேரடி அளவுகளைக் காட்டினால் சரி.

காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் இந்த வரிசையில் போங்கள்:

1. பேட்டரி முனைகளில் வோல்ட் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.
2. சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்புங்கள். பட்டன் வண்டியாக இருந்தால் பிரேக்கை மிதிக்காமல், ஆன் நிலை வரும்வரை பட்டனை அழுத்த வேண்டும். பின் சீட் பக்கம் பெட்ரோல் பம்ப் சுமார் 2 விநாடி முனகும் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள்.
3. ஸ்கேனரில் கூலன்ட் வெப்பநிலையையும் உள்ளே வரும் காற்றின் வெப்பநிலையையும் ஒப்பிடுங்கள். இரவெல்லாம் நின்ற வண்டியில் இரண்டும் வெளி வெப்பநிலையை ஒட்டி, 5 டிகிரிக்குள் ஒத்துப்போக வேண்டும்.
4. வீடியோவை ஓடவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ஆக்சிலேட்டரைத் தொடாதீர்கள். மீட்டர் போர்டு, சத்தம் இரண்டும் பதிவாகட்டும். இன்னொருவர் சைலன்சர் பக்கம் நின்று புகையின் நிறத்தைப் பார்த்தால் நல்லது.

மூடிய ஷெட்டுக்குள் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம். கார்பன் மோனாக்சைடு விஷவாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

வீடியோவைப் பார்த்து எப்படிப் பிரிப்பது?

மூன்று வகை. செல்ஃப் மோட்டார் மந்தமாகச் சுற்றினால் மின்சாரப் பக்கம். வேகமாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்க 3 – 4 விநாடிக்கு மேல் ஆனால் பெரும்பாலும் எரிபொருள் அழுத்தம். உடனே பிடித்து, பிறகு குலுங்கினால் ஏதோ ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை அல்லது காற்று, கலவைக் கணக்கு தப்புகிறது. இந்தப் பிரிவினை சரியாக அமைந்தால் பாதி வேலை முடிந்தது.

செல்ஃப் மந்தமாகச் சுற்றுகிறது. பேட்டரியை மாற்றிவிடலாமா?

அவசரம் வேண்டாம். இரவெல்லாம் நின்ற பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தால் முழுச் சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0க்கு வந்துவிட்டால் கால்வாசிதான் மிச்சம். ஆனால் நிற்கும்போது காட்டும் வோல்ட் மட்டும் போதாது. செல்ஃப் சுற்றும்போது எவ்வளவு விழுகிறது என்பதுதான் பேட்டரியின் உண்மையான வலு. சுற்றும் நேரத்தில் 10 வோல்ட்டுக்கு மேல் நின்றால் நல்ல பேட்டரி. 12.5 காட்டிய பேட்டரி சுற்றும்போது 9.6க்குக் கீழே போனால் உள்ளே தகடுகள் ஓய்ந்துவிட்டன என்றுதான் பெரும்பாலும் பொருள்.

சுற்றும்போது 10.5 இருக்கிறது, ஆனாலும் மோட்டார் மந்தம் என்றால் கோளாறு பேட்டரியில் இல்லை. மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும் மற்றதை இன்ஜின் உலோகத்திலும் வைத்து, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயரில் தடை இருக்கிறது. பாசிட்டிவ் கம்பத்துக்கும் செல்ஃப் மோட்டாரின் பெரிய நட்டுக்கும் இடையே 0.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். இந்த இரண்டு அளவையும் பார்க்காமல் செல்ஃப் மோட்டாரைக் கழற்றுவது வீண் வேலை. பல சமயம் பேட்டரி முனையில் பூத்த வெள்ளைப் பொடியும், பாடியில் துருப்பிடித்த எர்த் நட்டும்தான் காரணம். நெகட்டிவை முதலில் கழற்றி, வெந்நீரில் சமையல் சோடா கரைத்துத் துலக்கி, பளபளப்பு வரும்வரை தேய்த்து, நெகட்டிவைக் கடைசியில் மாட்டுங்கள்.

இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் பொதுவாக 13.8 முதல் 14.7 வோல்ட் வர வேண்டும். சில புதிய கார்கள் வேண்டுமென்றே சார்ஜைக் குறைத்துக் கூட்டும். அவற்றில் ஹெட்லைட், புளோயர் எல்லாம் போட்டுவிட்டுப் பாருங்கள்.

பேட்டரி புதிது. ஆனாலும் இரண்டு மூன்று நாள் நின்றால் இறங்கிவிடுகிறதே?

நிறுத்திய வண்டியில் ஏதோ மின்சாரம் தின்கிறது. நெகட்டிவ் வயரைக் கழற்றி, மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் துளை வழியாக இடையில் இணைத்து, கதவுகளைப் பூட்டி, காரின் எல்லாக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் (மாட்யூல்கள்) உறங்கும்வரை 20 நிமிடம் முதல் ஒரு மணி நேரம்வரை காத்திருங்கள். பிறகு 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். மீட்டர் இணைப்பில் இருக்கும்போது ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள், மீட்டர் பியூஸ் போய்விடும். அரை ஆம்பியர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளில் 12 ஆம்பியர் மணி காலி, 45 ஆம்பியர் மணி பேட்டரி மூன்றே நாளில் படுத்துவிடும். பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்து, எதில் அளவு சட்டென்று குறைகிறதோ அந்தச் சர்க்யூட்டைத் தேடுங்கள். வெளியில் வாங்கிப் பூட்டிய கேமரா, ஸ்டீரியோ, டிராக்கர் ஆகியவற்றை முதலில் சந்தேகிப்பது நல்லது.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் நீளமாக அடித்தால்தான் பிடிக்கிறது. ஏன்?

இன்ஜினை நிறுத்திய பிறகும் பெட்ரோல் குழாயில் அழுத்தம் தங்கியிருக்க வேண்டும். அது இரவில் இறங்கிவிட்டால், காலையில் பம்ப் மறுபடியும் குழாயை நிரப்பும்வரை இன்ஜின் பிடிக்காது.

இதற்குச் செலவில்லாத ஒரு சோதனை உண்டு. காலையில் சாவியை ஆன் செய்து 3 விநாடி விட்டு ஆஃப் செய்யுங்கள். இப்படி மூன்று முறை செய்துவிட்டு நான்காவது முறை ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே பிடித்தால் அழுத்தம் இறங்குவதுதான் காரணம் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். மறுநாள் இந்த வித்தை இல்லாமல் வழக்கம்போல் அடித்துப் பாருங்கள்; பழைய தொல்லை திரும்ப வந்தால் சந்தேகமே வேண்டாம்.

அடுத்து, அழுத்தம் எங்கே இறங்குகிறது? வழி இரண்டு. டேங்கில் இருக்கும் பம்பின் செக் வால்வு பிடிக்காமல் பெட்ரோல் பின்னால் வடிந்துவிடலாம், அல்லது பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் நுனியில் ஒழுகி இன்ஜினுக்குள் போகலாம். முதல் வகையில் புகையோ வாசனையோ இருக்காது, தாமதம் மட்டும்தான். இரண்டாவது வகையில் பெட்ரோல் வாசனை, கறுப்புப் புகை, சில விநாடி குலுக்கல் மூன்றும் சேர்ந்து வரும். ஒழுகும் இன்ஜெக்டர் உள்ள சிலிண்டரின் பிளக்கைக் கழற்றினால் நனைந்திருக்கும்.

அழுத்த மீட்டர் இருந்தால், இன்லெட் குழாயில் பெட்ரோல் தெளிக்கும் வழக்கமான இன்ஜின்களில் 3 முதல் 4 பார் (அழுத்த அலகு) எதிர்பார்க்கலாம். நிறுத்திய பத்து நிமிடத்தில் 2 பாருக்குக் கீழே சரிந்தால் கசிவு இருக்கிறது. மீட்டரை மாட்டுவதற்கு முன் பம்ப் பியூஸைப் பிடுங்கி, இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிட்டு அழுத்தத்தை இறக்குங்கள். நேரடி இன்ஜெக்‌ஷன் இன்ஜின்களில் (பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் தெளிப்பவை) உயர் அழுத்தப் பக்கத்தில் நூறு பாருக்கு மேலும் போகும். அங்கே வீட்டில் கைவைக்கவே கூடாது.

பெட்ரோல் வாசனை குப்பென்று அடிக்கிறது, இன்ஜின் மூழ்கிவிட்டது போலிருக்கிறது. எப்படிக் கிளப்புவது?

ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்துப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். பெரும்பாலான இன்ஜெக்‌ஷன் கார்களில் அப்போது ஈசியு பெட்ரோலை நிறுத்திவிட்டுக் காற்றை மட்டும் உள்ளே விடும். 10 விநாடிக்கு மேல் தொடர்ந்து அடிக்காமல், ஒவ்வொரு முறைக்கும் நடுவே அரை நிமிடம் மோட்டாருக்கு ஓய்வு கொடுங்கள். பிடித்ததும் காலை எடுத்துவிடுங்கள்.

கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார் கெட்டிருந்தால் செக் இன்ஜின் லைட் எரியாதா?

முழுதாகச் செத்தால் எரியும். வயர் அறுந்தால் ஸ்கேனர் மைனஸ் 40 டிகிரி காட்டும், பி0118 கோடு (கோளாறுக் குறியீடு) பதிவாகும். ஷார்ட் ஆனால் பி0117. வம்பு பிடித்தது அரைகுறையாகப் பொய் சொல்லும் சென்சார்தான். வெளியே 20 டிகிரி இருக்கும்போது அது 60 என்று சொன்னால், ஈசியு சூடான இன்ஜின் என்று நினைத்துப் பெட்ரோலைக் குறைத்துவிடும். இன்ஜின் பட்டினி கிடந்து திணறும். ரேஸ் கொடுத்துக்கொண்டே இருந்தால்தான் அணையாமல் ஓடும். கோடு எதுவும் வராது, ஏனென்றால் 60 என்பது நம்பக்கூடிய எண்தானே. அதனால்தான் மேலே சொன்ன மூன்றாவது படியைத் தவறவிடக் கூடாது. கழற்றி ஓம் பார்ப்பவர்களுக்கு: பல கார்களில் 20 டிகிரியில் 2000 முதல் 3000 ஓம், 80 டிகிரியில் சுமார் 300 ஓம் இருக்கும். உங்கள் மாடலின் சரியான அட்டவணை சர்வீஸ் கையேட்டில் இருக்கும்.

உடனே ஸ்டார்ட் ஆகிறது. ஆனால் 10 முதல் 30 விநாடி வரை குலுங்கிவிட்டுப் பிறகு சரியாகிறது. இது எதனால்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். தவறான பாகம் அதிகம் மாற்றப்படுவதும் இங்கேதான். முதலில் எந்தச் சிலிண்டர் என்று கண்டுபிடியுங்கள். செக் இன்ஜின் லைட் எரியாவிட்டாலும் ஸ்கேனரில் நிலுவைக் கோடுகளை (லைட் எரியும் அளவுக்கு இன்னும் உறுதியாகாதவை) பாருங்கள். பி0301 முதல் சிலிண்டர், பி0302 இரண்டாவது என்று போகும். பி0300 என்றால் ஒரு சிலிண்டரோடு நிற்காமல் பலவற்றில் மாறி மாறி மிஸ் ஆகிறது (எரியாமல் தவறுகிறது). அப்போது பிளக்கை விட்டுவிட்டுக் காற்றுக் கசிவு, எரிபொருள் அழுத்தம் பக்கம் போகலாம்.

ஒரே சிலிண்டர் என்றால், அதன் காயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போட்டு மறுநாள் காலைவரை பொறுத்திருங்கள். கோடும் கூடவே இடம் மாறினால் காயில்தான். மாறாவிட்டால் அடுத்த இரவு பிளக்கை மாற்றிப் போடுங்கள். இரண்டையும் ஒரே இரவில் மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாமலே போகும். பொறுமை கெட்டவர்கள் நாலு காயிலையும் புதிதாக வாங்கிவிடுகிறார்கள், தேவை பெரும்பாலும் ஒன்றுதான்.

சாதாரண நிக்கல் பிளக் 30,000 – 40,000 கிலோமீட்டர், இரிடியம் அல்லது பிளாட்டினம் சுமார் 1,00,000 கிலோமீட்டர் வரும். இடைவெளி பல கார்களில் 0.7 முதல் 1.1 மில்லிமீட்டருக்குள் இருக்கும். தேய்ந்து இடைவெளி அகன்ற பிளக்குக்கு அதிக வோல்ட் வேண்டும். செல்ஃப் சுற்றி பேட்டரி சோர்ந்திருக்கும் முதல் விநாடிகளில் காயிலால் அதைக் கொடுக்க முடியாமல் போகும். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகே பிளக்கைக் கழற்றுங்கள், அலுமினிய ஹெட்டில் மரை போய்விட்டால் பெரிய செலவு. மாட்டும்போது கையால் முழுவதும் திருகிவிட்டு, வாசர் உள்ள புதுப் பிளக்கானால் அரைச் சுற்று முதல் முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாக இறுக்கினால் போதும். வாசர் இல்லாத கூம்பு வகைக்குப் பதினாறில் ஒரு பங்கு சுற்றே அதிகம். இரிடியம் முனையைக் கேஜால் நெம்பி இடைவெளி சரிசெய்ய முயல வேண்டாம், உடைந்துவிடும்.

பிளக்கும் காயிலும் நல்லது என்றால், அந்தச் சிலிண்டரில் இரவில் ஏதோ இறங்குகிறது. பெட்ரோலாக இருக்கலாம், மேலே பார்த்தோம். ஆயிலாக இருந்தால் நீலப் புகை. கூலன்ட்டாக இருந்தால் அடுத்த கேள்வி உங்களுக்கானது.

நேரடி இன்ஜெக்‌ஷன் இன்ஜின்களுக்குத் தனியாக ஒரு நோய் உண்டு. பெட்ரோல் சிலிண்டருக்குள் நேராகப் போவதால் இன்லெட் வால்வின் முதுகைக் கழுவ எதுவும் இல்லை. ஆயில் ஆவி படிந்து கரி மேடாகிவிடும். குளிரில் உள்ளே வரும் காற்று தடம் மாறி, ஒன்றிரண்டு சிலிண்டர்கள் மிஸ் ஆகும். இன்லெட் மேனிஃபோல்டைக் கழற்றி, அரைத்த வால்நட் ஓட்டுத் துகளை அழுத்தக் காற்றில் பீய்ச்சிச் சுத்தம் செய்வதுதான் நம்பகமான வழி.

கூலன்ட் மாதம் கொஞ்சம் குறைகிறது, வெளியே ஒழுகவில்லை. காலைக் குலுக்கலோடு தொடர்பு இருக்குமா?

இருக்கலாம், இதைத் தள்ளிப்போடக் கூடாது. இன்ஜினை நிறுத்திய பிறகும் ரேடியேட்டரில் அழுத்தம் இருக்கும். சிலிண்டர் ஹெட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கட்டில் நூலளவு வழி இருந்தாலும் அந்த அழுத்தம் கூலன்ட்டை மெதுவாக ஒரு சிலிண்டருக்குள் தள்ளும். காலையில் அந்தச் சிலிண்டர் மட்டும் எரியாமல் குலுங்கி, ஈரம் காய்ந்ததும் சரியாகிவிடும். அடையாளங்கள்: எப்போதும் ஒரே சிலிண்டரின் கோடு, சற்று இனிப்பான வாசனையுள்ள தடித்த வெள்ளைப் புகை, மற்ற பிளக்குகள் பழுப்பாக இருக்க ஒன்று மட்டும் கழுவிவிட்டது போல் வெள்ளையாக இருப்பது.

உறுதிசெய்ய, ஆறிய இன்ஜினில் ரேடியேட்டர் மூடியில் எழுதியிருக்கும் அழுத்தத்துக்குப் பம்ப் அடித்து இரவு முழுவதும் விடுவார்கள். மூடிகள் பொதுவாக 0.9 முதல் 1.4 பார் வரை இருக்கும். காலையில் பிளக்குகளைக் கழற்றிச் சிறு கேமராவால் பிஸ்டன் தலையைப் பார்த்தால் எந்தச் சிலிண்டரில் நீர் தேங்கியிருக்கிறது என்று தெரியும். கூலன்ட் டேங்கின் வாயில் வைக்கும் நீலத் திரவம் மஞ்சளாக மாறினால் எரிந்த வாயு கூலன்ட்டில் கலக்கிறது என்று பொருள். ஆனால் கசிவு மிகச் சிறியதாக இருந்தால் இந்தச் சோதனை ஒன்றும் காட்டாமலும் போகும், அதை மட்டும் நம்பி விட்டுவிடாதீர்கள்.

செல்ஃப் அடிக்கும்போது டொக்கென்று மோட்டார் பாதியில் நின்றால், மறுபடி அடிக்காதீர்கள். சிலிண்டரில் தேங்கிய நீரைப் பிஸ்டனால் அழுத்த முடியாது; கனெக்டிங் ராடு வளையும்.

ஸ்டார்ட் ஆகிறது, ரேஸ் கொடுக்காவிட்டால் அணைந்துவிடுகிறது.

இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் திராட்டில் பாடியில் கரி. ஐடிலிங்கில் (ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஓடும்போது) பட்டாம்பூச்சி வால்வின் விளிம்பைச் சுற்றி முடியளவு இடைவெளி வழியாகத்தான் காற்று போகிறது, கரி அதை அடைத்துவிடும். பழைய கார்களில் இதே வேலையைச் செய்யும் ஐடில் வால்வு ஒட்டிக்கொள்ளும்.

சுத்தம் செய்ய: இக்னிஷன் ஆஃப், காற்றுக் குழாயைக் கழற்றுங்கள். திராட்டில் கிளீனரைத் துணியில் நனைத்துத் துடையுங்கள், நேராகப் பீய்ச்சி அச்சுத் தண்டுக்குள்ளும் மோட்டாருக்குள்ளும் இறக்க வேண்டாம். மின்சாரத் திராட்டிலை விரலால் நெம்பித் திறப்பதால் உள்ளே உள்ள பிளாஸ்டிக் பல்சக்கரம் உடையலாம். முடித்த பிறகு ஐடிலிங் கொஞ்ச நேரம் ஏறி இறங்கும். ஈசியு கரியோடு பழகிய கணக்கை மறந்து புதுக் கணக்கு போட வேண்டும். சில கார்களில் இதற்குச் ஸ்கேனரில் தனிக் கட்டளை உண்டு. பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு வரும் திணறலுக்கும் இதுவே காரணம். அருகிலேயே இருக்கும் காற்றோட்ட சென்சாரையும் துடைக்க ஆசைப்பட்டால், அதற்கென்று விற்கும் கிளீனரைத் தவிர வேறு எதையும் தெளிக்காதீர்கள், கையாலும் தொடாதீர்கள்.

இது உதவாவிட்டால் காற்றுக் கசிவு. குளிரில் இறுகிய ரப்பர் குழாய்கள் சூடாகும்போது விரிந்து வாயை மூடிக்கொள்வதால் இதுவும் காலை நோய்தான். ஸ்கேனரில் ஃபியூயல் டிரிம்மை (ஈசியு பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் விழுக்காடு) பாருங்கள்: ஐடிலிங்கில் குறுகிய கால, நீண்ட கால அளவுகளின் கூட்டுத்தொகை பிளஸ் 10 விழுக்காட்டுக்கு மேல் இருந்து, 2500 ஆர்பிஎம்மில் பூஜ்யத்தை நோக்கி இறங்கினால் கசிவு உறுதி. பி0171 கோடும் (பெட்ரோல் குறைந்த கலவை) வரலாம். இன்லெட் மேனிஃபோல்ட் கேஸ்கட், இன்ஜினின் உள் ஆவியை இழுக்கும் பிசிவி குழாய், பிரேக் பூஸ்டர் குழாய் மூன்றையும் முதலில் பாருங்கள்.

பெட்ரோல் நிரப்பிய பிறகு வரும் ஸ்டார்ட்டில்தான் தொல்லை அதிகம்.

பெட்ரோல் ஆவியை இன்ஜினுக்கு அனுப்பும் பர்ஜ் வால்வு மூடாமல் நிற்கிறது. கழற்றி வாயால் ஊதுங்கள். மின்சாரம் இல்லாதபோது காற்று போகவே கூடாது.

மழைக்காலக் காலைகளில் மட்டும் மிஸ் ஆகிறது.

காயில் உறையில் அல்லது பழைய கார்களின் பிளக் வயரில் கீறல். இருட்டில் பானட்டைத் திறந்து, ஓடும் இன்ஜினில் காயில்களைச் சுற்றி மிக நுண்ணிய நீர்த்தூவலை விடுங்கள். நீலப் பொறி துள்ளும் இடம் தெரியும். கையைத் தள்ளியே வைத்திருங்கள்.

ஸ்டார்ட் ஆனதும் ஒருமுறை நீலப் புகை வந்து நின்றுவிடுகிறது.

வால்வு சீல் காய்ந்துவிட்டது. இரவில் ஆயில் வால்வுத் தண்டு வழியாக இறங்குகிறது. ஆயில் குறைவதைக் கண்காணித்துக்கொண்டு ஓட்டலாம், அவசரமில்லை.

முதல் இரண்டு விநாடி சங்கிலி உரசுவது போல் சத்தம்?

அது அவசரம். டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனருக்கு ஆயில் அழுத்தம் வரத் தாமதமாகிறது. ஆயில் அளவையும், கையேடு சொல்லும் பாகுத்தன்மையையும் சரிபாருங்கள். 0டபிள்யூ-20 என்ற மெல்லிய ஆயில் கேட்கும் இன்ஜினில் கெட்டியான ஆயிலை ஊற்றியிருந்தால் காலையில் மேலே ஏற நேரம் எடுக்கும். சரியான ஆயில் மாற்றியும் சத்தம் நிற்காவிட்டால் செயினை அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

டீசல் கார். வெள்ளையாகப் புகைந்து, ஒரு நிமிடம் குலுங்குகிறது. சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்தானே?

குளிர் கடுமையான ஊரில் என்றால் அநேகமாக ஆமாம். அந்தப் புகை எரியாத டீசல், கண்ணை எரிக்கும். ஆனால் நேரடி இன்ஜெக்‌ஷன் டீசல் இன்ஜின் மிதமான வெப்பநிலையில் ஹீட்டர் பிளக் இல்லாமலே ஸ்டார்ட் ஆகிவிடக்கூடியது. வெளியே 25 டிகிரி இருக்கும்போதும் திணறினால் பிளக்கை விட்டுவிட்டு எரிபொருள் பக்கம் பாருங்கள்.

பிளக்கின் வயரைக் கழற்றி, முனைக்கும் இன்ஜின் உடலுக்கும் இடையே ஓம் அளந்தால் சாதாரண 12 வோல்ட் பிளக்கில் 0.5 முதல் 2 ஓம் வரும். அளவே காட்டாவிட்டால் உள்ளே இழை அறுந்துவிட்டது. பேட்டரியில் நேரடியாக வைத்துப் பழுக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் புது வகைகளுக்கு ஆகாது: 4.4 அல்லது 7 வோல்ட்டில் வேலை செய்யும் பிளக்குகள் 12 வோல்ட்டில் நொடியில் எரிந்துபோகும். வோல்ட் உடம்பிலேயே பொறித்திருக்கும். நாலும் நல்லது, ஆனாலும் சூடாகவில்லை என்றால் ரிலே அல்லது கட்டுப்பாட்டுப் பெட்டி, பி0380 கோடு வரும்.

கழற்றுவதுதான் கடினம். முந்தைய நாளே துரு நீக்கி ஆயில் விட்டு ஊறவைத்து, இன்ஜின் சூடாக இருக்கும்போது முயலுங்கள். 8 மில்லிமீட்டர் மரை என்றால் 20, 10 மில்லிமீட்டர் என்றால் 35 நியூட்டன் மீட்டரைத் தாண்டியும் அசையாவிட்டால் நிறுத்திவிடுங்கள். முறிந்து ஹெட்டுக்குள் நின்றுவிட்டால் பிறகு ஹெட்டையே இறக்க நேரலாம்.

டீசலில் ஏர் எடுக்கிறது என்கிறார்கள். எப்படி உறுதிசெய்வது?

இரவில் டீசல் பின்னால் டேங்குக்கு வடிந்து, அதன் இடத்தில் காற்று நுழைகிறது. டேங்க் பின்பக்கம் உள்ள காரை ஓர் இரவு மூக்கு இறக்கத்தை நோக்கி நிற்கும்படி நிறுத்துங்கள். டேங்க் உயரத்தில் இருப்பதால் டீசல் வடியாது. அன்று காலை நன்றாக ஸ்டார்ட் ஆனால் விடை கிடைத்துவிட்டது. ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே ஒளி ஊடுருவும் குழாயைச் செருகினால் குமிழ்கள் ஓடுவதைக் கண்ணால் பார்க்கலாம். ஃபில்டர் மூடியின் ரப்பர் வளையம், கைப்பம்ப் குமிழ், விரைவு இணைப்புகள் என்ற வரிசையில் தேடுங்கள். ஃபில்டர் மாற்றிய சில நாளில் இந்தத் தொல்லை தொடங்கியிருந்தால் பழைய வளையத்தையே போட்டிருப்பார்கள்.

காற்று இல்லை என்றால் இன்ஜெக்டர்களின் திரும்பு குழாய்களில் சிறு குப்பிகளை மாட்டி எது அதிகமாக வழிய விடுகிறது என்று ஒப்பிடுவார்கள். காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டர்களுக்கும் பொதுவான உயர் அழுத்தக் குழாய்) இன்ஜின் பிடிக்க, செல்ஃப் சுற்றும்போதே ரெயிலில் சுமார் 200 பார் ஏற வேண்டும். தேய்ந்த ஓர் இன்ஜெக்டர் அதை ஏறவிடாது. ரெயில் குழாய் நட்டைத் தளர்த்திச் சிக்கிய காற்றை வெளியேற்றும் பழைய முறை இங்கே உயிருக்கே ஆபத்து, அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். ஈதர் ஸ்பிரேயும் வேண்டவே வேண்டாம். பழுத்திருக்கும் ஹீட்டர் பிளக்கில் பட்டு வெடிக்கும்.

எரிவாயு பொருத்திய கார் காலையில் மட்டும் திணறுகிறது.

பெரும்பாலானவை குளிரில் பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகிப் பிறகு வாயுவுக்கு மாறுபவை. ஆண்டு முழுவதும் பெட்ரோல் அந்தச் சில நிமிடங்களுக்கு மட்டும் பயன்பட்டால் டேங்கில் மாதக்கணக்கில் கிடந்து பழசாகும், இன்ஜெக்டர்களும் ஒட்டிக்கொள்ளும். கால் டேங்க் புதுப் பெட்ரோல் ஊற்றி, வாரத்துக்கு ஒருமுறை சில கிலோமீட்டர் பெட்ரோலிலேயே ஓட்டுங்கள்.

கார்புரேட்டர் வண்டிக்கு?

சோக்கை இழுத்தால் தகடு முழுவதும் மூட வேண்டும், ஏர் ஃபில்டரைக் கழற்றிக் கண்ணால் பாருங்கள். பல நாள் நின்ற வண்டியில் பெட்ரோல் கிண்ணம் வற்றியிருக்கும், நீளமாகச் செல்ஃப் அடிப்பது இயல்பே.

பெட்ரோலில் கலக்கும் இன்ஜெக்டர் கிளீனர் புட்டி பயன்படுமா?

பாலிஈதர் அமைன் என்ற வேதிப்பொருள் உள்ள தரமான கிளீனர், லேசாக அடைத்த இன்ஜெக்டருக்கு ஓரளவு உதவும். ஒழுகும் இன்ஜெக்டரையோ செத்த காயிலையோ சரிசெய்யாது. நேரடி இன்ஜெக்‌ஷன் இன்ஜினின் வால்வுக் கரியையும் தொடாது, பெட்ரோல் அங்கே போவதே இல்லையே. ஒருமுறை ஊற்றிப் பாருங்கள், இரண்டாம் புட்டிக்கான பணத்தில் ஸ்கேனர் வாங்குவது மேல்.

சரிசெய்யும்வரை ஓட்டலாமா?

சில விநாடி குலுங்கி நின்றுவிட்டால் சில நாள் ஓட்டலாம். செக் இன்ஜின் லைட் மினுக்கினால் ரேஸ் கொடுக்காமல் ஓரம் கட்டுங்கள். எரியாத பெட்ரோல் கேடலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும். கூலன்ட் குறையும் வண்டியை ஓட்டவே வேண்டாம்.

நல்ல வண்டியானாலும் ஸ்டார்ட் செய்து அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் போதும், பிறகு மெதுவாகக் கிளம்பலாம். வெப்பநிலை ஏறும்வரை 2500 ஆர்பிஎம்முக்குள் வைத்திருங்கள். நின்ற இடத்திலேயே கால்மணி நேரம் ஓடவிடுவதால் ஆயிலில் பெட்ரோல் கலப்பதுதான் மிச்சம்.

மெக்கானிக்கிடம் என்ன சொல்ல வேண்டும்?

வீடியோவைக் காட்டுங்கள். பேட்டரி நின்றபோதும் சுற்றும்போதும் காட்டிய வோல்ட், இரண்டு வெப்பநிலைகள், கோடுகள், புகையின் நிறம், சாவி வித்தை பலித்ததா இல்லையா என்பதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். கோடுகளை அழிக்காமல் கொண்டு போங்கள். வண்டியை மாலையே விட்டுவிட்டு, மறுநாள் காலை முதல் ஸ்டார்ட்டை அவரே செய்ய வேண்டும், அதற்கு முன் யாரும் வண்டியை நகர்த்தக் கூடாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டு வாருங்கள்.